‘மாக்கிங்பேர்ட்’ நாவலில் ஜெம்மின் வெகுளித்தனம் உடைவது எந்த இடத்தில்?

கொடிமுல்லை:
வணக்கம். ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) பற்றி எம்.ஏ. வகுப்புக்கு 1500 சொல்லில் கட்டுரை எழுதணும். அதில் வர்ற சிறுவன் ஜெம்மின் வெகுளித்தனம் எப்படிக் கலையுதுங்கிறதுதான் பொருள். வெள்ளைக்காரப் பெண் மயெல்லாவைப் பலாத்காரம் செஞ்சதாப் பொய்யாக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் டாம் ராபின்சனுக்கு 21ஆம் அத்தியாயத்தில் வர்ற தீர்ப்பை மையமா வெச்சா கதைச்சுருக்கமாத்தான் வருது. எங்கே தொடங்கலாம், எதை ஆதாரமாக் காட்டலாம்?

பனைமரம்:
7ஆம் அத்தியாயத்தில் தொடங்குங்க. ராட்லி வீட்டு மரப்பொந்தில் சூயிங்கம், சோப்பில் செதுக்கின பொம்மைகள், பழைய கடிகாரம்னு யாரோ வெச்சுட்டுப் போறாங்க. பிள்ளைங்க நன்றிக் கடிதம் எழுதி எடுத்துட்டுப் போனா, பொந்தை சிமென்ட் பூசி அடைச்சாச்சு. மரம் செத்துக்கிட்டிருக்கு, அதான் அடைச்சேன்னு சொல்றார் நேதன் ராட்லி. பரிசு வெச்சது வீட்டை விட்டு வெளியே வராத அவர் தம்பி பூ (Boo) ராட்லி. ஜெம் அப்பாகிட்ட கேட்கிறான். மரம் நல்லாத்தான் இருக்குங்கிறார் அட்டிகஸ். பெரியவர் ஒருத்தர் முகத்துக்கு நேரா பொய் சொல்லியிருக்கார், அதுவும் ஒரு அன்பை அறுக்கிறதுக்காக. அன்னைக்கு இருட்டுற வரைக்கும் ஜெம் திண்ணையை விட்டு நகரலை. உள்ளே வரும்போது அழுத தடம் முகத்தில் தெரியுது. ஆனா அழுகைச் சத்தம் தனக்குக் கேட்கவே இல்லைன்னு அவன் தங்கை ஸ்கௌட் சொல்றாள்.

அந்தக் கடைசி வரிதான் உங்களுக்கு வேணும். கதை சொல்றது ஸ்கௌட். ஜெம்மின் மனசுக்குள்ளே அவளால் போக முடியாது. கை, முகம், தோள், குரல் இதைத்தான் பார்க்கிறாள். அதனால “ஜெம் இப்படி உணர்ந்தான்”னு எழுதாம, “ஸ்கௌட் இதைப் பார்க்கிறாள், ஆனா புரிஞ்சுக்கலை”ன்னு எழுதுங்க. சுருக்கம் தானா வாதமா மாறும்.

வெள்ளாறு:
பனைமரம் சொன்னது சரி. ஆனா நீதிமன்றக் காட்சியைக் குறைச்சுடாதீங்க. பொந்தில் உடையறது ஒரு ஆள் மேல இருந்த நம்பிக்கை. இங்கே உடையறது முறை மேல இருந்த நம்பிக்கை. அது பெரிய அடி.

அந்த அடி ஏன் அவ்வளவு பலமா விழுதுன்னா, ஜெம் சாட்சியங்களை ஒழுங்காக் கணக்குப் போட்டிருக்கான். மயெல்லாவுக்குக் காயம் முகத்தின் வலப்பக்கம், அதாவது எதிரே நின்னு அடிச்சவன் இடது கைக்காரனா இருக்கணும். அவள் அப்பன் பாப் யூவெல் இடது கையால் கையெழுத்துப் போடறான். டாம் ராபின்சனின் இடது கை சிறுவயசில் பருத்தி அரைக்கிற இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது. 17ஆம் அத்தியாயத்திலேயே ஜெம் மாடிக் கம்பியைத் தட்டி, யூவெல் மாட்டிக்கிட்டான்னு கிசுகிசுக்கிறான். ஜூரி ஒவ்வொருத்தரும் “குற்றவாளி”ங்கும்போது அதே கம்பியைப் பிடிச்ச கைகள் வெளுத்துப் போகுது, தோள் துடிக்குது. இந்த ரெண்டு காட்சியையும் அடுத்தடுத்து வையுங்க. கணக்கு சரி, விடை தப்பு: அவனால தாங்க முடியாதது அதுதான்.

பலர் செய்யற தப்பு, அவங்க ஊரான மேகோம்பில் இனவெறி இருக்குன்னு அப்பதான் ஜெம்முக்குத் தெரிய வந்ததா எழுதறது. அது அவனுக்கு முன்னாடியே தெரியும். உண்மையை நிரூபிச்சா போதும்னு நம்பினான் பாருங்க, போனது அந்த நம்பிக்கை.

கொடிமுல்லை:
ரொம்ப நன்றி. தீர்ப்போட முடிச்சுடலாமா? 11ஆம் அத்தியாயத்தில் அதே தெருவில் இருக்கிற மூதாட்டி மிஸஸ் டூபோஸ் வர்ற பகுதியும் வேணுமா?

பனைமரம்:
டூபோஸ் பகுதியை விட்டுடுங்க. அது துணிச்சலைப் பற்றினது, இழுத்தா கட்டுரை சிதறும்.

தீர்ப்போட நிறுத்தாதீங்க. 22இல் எதிர்வீட்டு மிஸ் மௌடி வழக்கமாப் பிள்ளைங்களுக்குச் செய்யற மூணு சின்ன கேக்குக்குப் பதிலா ஒரு பெரிய கேக்கும் ரெண்டு சின்னதும் செஞ்சிருப்பாங்க. ஜெம்முக்குப் பெரிய கேக்கிலிருந்து துண்டு. அவன் இனிப் பிள்ளைங்க வரிசையில் இல்லைன்னு ஒரு வார்த்தை பேசாமச் சொல்லியாச்சு. 23இன் முடிவில், பூ ராட்லி ஏன் வீட்டுக்குள்ளேயே இருக்கார்னு இப்போ புரியுற மாதிரி இருக்குங்கிறான் ஜெம். அங்கே பொந்தும் நீதிமன்றமும் ஒண்ணு சேருது.

வெள்ளாறு:
25இன் தொடக்கத்தையும் சேருங்க. ஸ்கௌட் ஒரு பூச்சியை நசுக்கப் போறாள், அது உன்னை ஒண்ணும் பண்ணலையேன்னு ஜெம் தடுக்கிறான். அவன் கசந்து போயிடலைங்கிறதுக்கு இதைவிட நல்ல சான்று நாவலில் இல்லை.

அளவு: பொந்துக்கு 400 சொல், நீதிமன்றத்துக்கு 550, பின்விளைவுக்கு 400, மிச்சம் முன்னுரைக்கு. முடிவுரைன்னு தனியா வேண்டாம், பூச்சியோட நிறுத்திடுங்க. 1962இல் வந்த படத்தை வெச்சு எழுதாம நாவலையே பக்கத்தில் வெச்சுக்குங்க.