‘டோன்’ என்பதற்கு ‘ஒலித்தரம்’ பொருந்துமா? ஒலிவண்ணம், கட்டுறுதி, தொய்வு: மாற்று முன்மொழிவு

மதிப்பிற்குரிய குழு நண்பர்களுக்கு, வணக்கம்.

உயர்வகைக் கிட்டார் மிகைப்பிகளை ஒப்பிடும் கட்டுரைகளுக்கான சொற்பட்டியலில் ‘டோன்’ என்பதற்கு ‘ஒலித்தரம்’ என்றும், ‘பில்ட் குவாலிட்டி’ என்பதற்குக் ‘கட்டுமானத் தரம்’ என்றும் முன்மொழியப்பட்டுள்ளன. (பெருக்கி என்றால் ஒலிபெருக்கியோடு குழம்பும் என்பதால் மிகைப்பி என்று எழுதுகிறேன், பேச்சில் எல்லோருக்கும் அது ‘ஆம்ப்’தான்.) இவற்றுள் இரண்டாவதைச் சற்றுத் திருத்திக்கொண்டால் போதும். முதலாவதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

ஒரே சுருதியில், ஒரே உரப்பில் ஒலிக்கும் வயலினையும் புல்லாங்குழலையும் பிரித்துக் காட்டும் பண்பை ‘ஒலியின் தரம்’ என்று சொல்லும் பாடநூல் வழக்கு இருப்பது உண்மையே. ஆனால் பொதுத்தமிழில் தரம் என்றதுமே உயர்வும் தாழ்வும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒரு கருவியின் ஒலி எத்தகையது என்பதும், அது எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டது என்பதும் ஒரே சொல்லின் கீழ் வந்துவிட்டால், நன்றாகச் செய்யப்பட்டது நன்றாகவே ஒலிக்கும் என்ற முடிவுக்கு வாசகர் தாமாகவே வந்துவிடுவார். மிகைப்பிகளின் வரலாறோ அந்த முடிவைத் திரும்பத் திரும்பப் பொய்யாக்குகிறது.

வாக்ஸ் நிறுவனத்தின் ஏசி30 என்ற மிகைப்பியை எடுத்துக்கொள்வோம். நான்கு இஎல்84 வால்வுகளை (வெற்றிடக் குழாய்களை) கொண்ட அதன் இறுதிநிலையில், வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பித் திரிபைக் குறைக்கும் எதிர்ப்பின்னூட்டம் கிடையாது. எனவே தெளிவான ஒலியிலிருந்து திரிந்த ஒலிக்கு அது படிப்படியாகச் செல்கிறது, மேல்தாயி பளிச்சென்று ஒலிக்கிறது. அந்த ஒலியைப் புகழாதவர் குறைவு. ஆயினும் பழைய ஏசி30 தன் வெப்பத்தால் தன் உறுப்புகளையே வாட்டக்கூடியது என்பதைப் பழுதுபார்ப்பவர்கள் நன்கு அறிவார்கள். 1989இல் தொடங்கப்பட்ட மேட்ச்லெஸ் நிறுவனம் அந்த ஒலி மரபை முன்மாதிரியாகக் கொண்டு டிசி-30ஐ வடிவமைத்தபோது, உறுப்புகளை நேரடிக் கம்பியிணைப்பில் சேர்த்து, மேடைதோறும் ஏறி இறங்கினாலும் தாங்கும்படி செய்தது. ஒலியில் நெருங்கிய உறவும் உறுதியில் பெரிய இடைவெளியும் உள்ள இந்த இரண்டையும் ‘தரம்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எப்படி ஒப்பிடுவது?

ஃபெண்டரின் பழைய மிகைப்பிகளும் இதற்குச் சான்று. அவற்றில் உறுப்புகளைத் தாங்கிய கறுப்பு நார்ப்பலகை, ஆண்டுகள் பல கடந்தபின் ஈரத்தை உறிஞ்சிச் சிறிதளவு மின்னோட்டத்தைக் கசியவிடக்கூடும்; அதன் விளைவாகக் கரகரப்பு எழும். பலகை குறையுடையதுதான், ஒலி இன்றும் பலருக்கு அளவுகோல்.

ஆகவே ‘டோன்’ என்பதற்கு நான் முன்வைக்கும் சொல் ‘ஒலிவண்ணம்’. இது ஆங்கில வழக்கைப் பார்த்து நிறத்தை ஒலிக்கு ஏற்றியது என்று ஒரு நண்பர் மறுக்கக்கூடும். தமிழில் வண்ணம் என்பது நிறத்தை மட்டும் குறிப்பதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 20 வண்ணங்களுள் வல்லெழுத்து மிகுந்துவருவது வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்துவருவது மெல்லிசை வண்ணம். ஒன்று மற்றொன்றினும் சிறந்தது என்ற பேச்சே அங்கு இல்லை. நமக்குத் தேவையானதும் அதுவே. ‘நாதம்’ அழகான சொல்தான், ஆனால் அதில் பாராட்டு முன்கூட்டியே ஏறியிருக்கிறது. கரடுமுரடான திரிபொலியை நாதம் என்று எழுதக் கை வராது. ‘தொனி’யோ பேசுபவரின் மனநிலையைச் சுட்டும் சொல்லாக நிலைத்துவிட்டது.

இந்தச் சொல்லின் பயனை மார்ஷலின் ஜேடிஎம்45இல் காணலாம். 1962இல் உருவான அது, ஃபெண்டர் பாஸ்மேனின் 5எஃப்6-ஏ மின்சுற்றை ஏறத்தாழ அப்படியே பின்பற்றியது. எனினும் முதல்நிலை வால்வு மாறியது, வெளியீட்டு மின்மாற்றி மாறியது, 10 அங்குல ஜென்சன் ஒலிபெருக்கிகளின் இடத்தில் மூடிய பெட்டிக்குள் 12 அங்குல செலஸ்டியன்கள் வந்தன. கேட்பவர் காதுக்கு அது வேறு கருவியாயிற்று. சுற்று ஒன்று, வண்ணம் இரண்டு என்று எழுதினால் யாருக்கும் புரியும். சுற்று ஒன்று, தரம் இரண்டு என்று எழுதினால் எது மட்டம் என்ற கேள்விதான் எழும்.

கட்டுமானத் தரம் நீளமான தொடர். ‘கட்டுறுதி’ என்று சுருக்கலாம். ‘வேலைப்பாடு’ என்றும் ஒரு பரிந்துரை வந்தது. அது மேலுறையின் தையலையும் முகப்பின் பளபளப்பையும் நினைவூட்டுகிறதே தவிர உள்ளே இருப்பதைச் சொல்வதில்லை. கட்டுறுதியை அறியப் பின்மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். (மின்தேக்கிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், அறிந்தவர் மட்டுமே திறக்கவேண்டும்.) உறுப்பின் கம்பியை முளையில் சுற்றி இறுக்கிய பிறகு பற்றவைத்திருந்தால், ஈயம் பிடிப்பதற்கு முன்பே அந்த இணைப்பு நிற்கும். வால்வுத் தாங்கியை உலோகச் சட்டத்தில் பொருத்தாமல் அச்சுச் சுற்றுப்பலகையிலேயே பற்றவைத்திருந்தால், வால்வு சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும், அதைப் பிடுங்கி மாற்றும் ஒவ்வொரு முறையும், அந்தப் பற்றுப்புள்ளிகள்தாம் இழுபடும். அதற்காக அச்சுப்பலகை என்றாலே மட்டம் என்பதும் பிழை. தடித்த பலகையும் சட்டத்தில் பொருத்திய தாங்கிகளும் இருந்தால் அது பல்லாண்டுகள் உழைக்கும்.

பழுதுபார்க்க இடம்தருவதும் கட்டுறுதியில் அடங்குமா? அடங்கும் என்றே கருதுகிறேன். அமெரிக்க மிகைப்பி வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் டம்பிள் தம் மிகைப்பிகளில் சுற்றின் பகுதிகளைப் பிறர் படியெடுக்காதவாறு எப்பாக்சி பூசி மூடினார். அவற்றின் ஒலிவண்ணம் பெரும்புகழ் பெற்றது. ஆனால் அந்தப் பூச்சுக்கு அடியில் ஒரு மின்தடை பழுதானால் அதை மாற்றுபவர் படும் பாட்டையும் வரையறை கணக்கில் கொள்ளவேண்டும்.

எஞ்சியிருப்பது ‘சாக்’ என்ற ஆங்கிலச் சொல். வால்வுத் திருத்தி (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் வால்வு) உள்ள மிகைப்பியில் தந்திகளை ஓங்கி மீட்டினால், மின்னோட்டத் தேவை சட்டென உயர்ந்து, வழங்கும் மின்னழுத்தம் சற்று இறங்கி மீள்கிறது. ஒலியின் முதல் அடி அமுங்கிப் பிறகு மலர்கிறது. ஒரே மின்னோட்டத்தில் 5யூ4 என்ற திருத்தி வால்வு 40 வோல்ட்டுக்கு மேல் இழக்குமிடத்தில் ஜிஇசட்34 என்ற வால்வு 20க்கும் குறைவாகவே இழக்கும். சிலிக்கான் டையோடுகளில் இழப்பு மிகச் சொற்பம். இதற்குத் ‘தொய்வு’ என்பது இயல்பான சொல். ‘பணியில் தொய்வு’ என்பதுபோல் குறையைக் காட்டுகிறதே என்பவர்களுக்கு என் விடை: மின்வழங்கியை வடிவமைப்பவர் கண்ணில் அது குறையேதான். அக்குறையை வாசிப்பவர் விரல் விரும்புகிறது; விரல் உணர்வதற்கு ‘நெகிழ்வு’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்வோம். தொய்வை வோல்ட்மீட்டர் காட்டும், நெகிழ்வை அது காட்டாது. மிகைப்பியை அதன் எல்லைக்கு மேல் உந்தித் திரிபொலி எழுப்புவதைக் குறிக்கும் ‘ஓவர்டிரைவ்’ அப்படியே இருக்கட்டும். ‘மிகையுந்தல்’ யார் வாயிலும் நுழையாது.

சோதனைக்காக ஒரு வாக்கியம்: ‘முதல் மிகைப்பியின் ஒலிவண்ணம் இடைத்தாயியில் செறிவானது, தொய்வு மிகுதி, அதனால் நெகிழ்வும் மிகுதி, இரண்டாவது கட்டுறுதியில் விஞ்சினாலும் முதல் அடியிலேயே விறைப்பாக ஒலிக்கிறது.’ இதே செய்தியை ‘ஒலித்தரம்’, ‘கட்டுமானத் தரம்’ என்ற சொற்களைக் கொண்டு எழுதிப் பார்த்துவிட்டு மறுப்பு இருந்தால் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். குறிப்பாக ‘நெகிழ்வு’ குறித்து எதிர்க்கருத்தை எதிர்பார்க்கிறேன்.