புதுப்பிப்பு: மங்கலாக ஒலித்த கெசட்டுகள் சரியாகிவிட்டன

அப்பாவின் பழைய கெசட்டுகளைக் கணினியில் ஏற்றும்போது பாட்டெல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறதே, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பிளேயரில் நாடாவைப் படிக்கும் பகுதியான ஹெட்டை ஐசோபுரொபைல் அல்கஹோலால் துடைத்ததில் கொஞ்சம்தான் தெளிவு வந்தது. கைகொடுத்தது அசிமத் திருகாணி யோசனைதான். ஹெட்டின் சாய்வைச் சரிசெய்ய அதன் பக்கத்திலேயே இருக்கும் சின்னத் திருகாணி அது. பாட்டு ஓடும்போதே, மோனோவில் (இடது, வலது ஒலியை ஒன்றாக்கி) கேட்டுக்கொண்டு, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் துளித்துளியாகத் திருப்ப வேண்டும். ஜால்ராச் சத்தம் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்திவிடலாம். கெசட்டுக்குக் கெசட் இந்த இடம் மாறுகிறது; அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அப்புறம், எங்கள் மலையகத்து ஹட்டன் ஈரத்தில் சில நாடாக்களில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவற்றைச் சுத்தம் செய்யாமல் பிளேயரில் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி அடுத்த கெசட்டுக்கும் போய்விடும்.

ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹேர்ட்ஸில் பதிந்து, தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக வைத்திருக்கிறேன். கண்டியில் இருக்கும் அக்காவும் பார்க்கட்டும் என்று நாம் கேட்கும் பாட்டுகளைக் கணக்கு வைக்கும் லாஸ்ட்.எஃப்எம் தளத்தில் இணைத்தேன். அங்கே ஒரே பாடகர், பெயர் தமிழில் இருந்தால் ஒருவர், ஆங்கிலத்தில் இருந்தால் இன்னொருவர் என்று பதிவானார். பாட்டுக் கோப்புகளின் விவரங்களைத் திருத்தும் பிகார்ட் மென்பொருளில் எல்லாக் கோப்புக்கும் பாடகர் பெயரை ஒரே மாதிரி கொடுத்ததும் சரியானது. முன்பு கேட்டவற்றின் கணக்கு மட்டும் பிரிந்தே நிற்கிறது. புதிதாகக் கேட்பவைதான் ஒன்றாகச் சேர்கின்றன.