போஸ்ட்கிரஸிலிருந்து ஆரக்கிளுக்கு: வெற்றுச் சரம் படுத்திய பாடு

எங்கள் மென்பொருளை முதலில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு மட்டும்தான் எழுதினோம். பிறகு ஒரு வாடிக்கையாளர் ஆரக்கிள்தான் வேண்டும் என்றார். எத்தனை ரெக்கார்டு வேண்டும் என்று வரம்பிடும் லிமிட் வரும் இடங்களையும் தேதிக் கணக்குகளையும் மாற்றினோம். ஓடாத குவெரி (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளை) உடனே எரர் காட்டிவிடும், திருத்திவிடலாம். வேலை முடிந்தது என்றே நம்பினேன்.

அப்புறம் ஒரு ரிப்போர்ட் காலியாக வந்தது. நடுப்பெயர் இல்லாதவர்களை எடுக்க, அந்தப் புலம் வெற்றுச் சரத்துக்கு, அதாவது ஓர் எழுத்தும் இல்லாத உரைக்கு, சமமா என்று குவெரியில் பார்த்திருந்தோம். ஆரக்கிளோ வெற்றுச் சரத்தை 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி) மதிப்பாகவே எடுத்துக்கொள்ளும். 'நல்' மதிப்பை எதனோடு சமன் பார்த்தாலும் விடை 'உண்மை' என்று வராது. எனவே ஒரு ரெக்கார்டுகூட வரவில்லை, எரரும் இல்லை. அரை நாள், தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேகத்துக்காக டெஸ்ட்களை எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில் ஓட்டிவந்தோம். அது வெற்றுச் சரம், 'நல்' இரண்டையும் பிரித்தே வைப்பதால், எல்லா டெஸ்ட்டும் பாஸ்!

இப்போது சேமிக்கும் முன் ஒரே இடத்தில் வெற்றுச் சரத்தை 'நல்' ஆக்கிவிடுகிறோம், எந்த டேட்டாபேஸ் ஆனாலும் சரி. 'தெரியாது', 'இல்லை' என்ற வேறுபாடு உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் தனிப் புலம். டேட்டாபேஸ்களுக்கு ஏற்ப குவெரியை எழுதித் தரும் ஹைபர்னேட் மாதிரி ஒன்றைப் போட்டால் எல்லாம் தீரும் என்பார்கள். லிமிட்டை அது பார்த்துக்கொள்ளும். வெற்றுச் சரத்துக்கு என்ன பொருள் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். டெஸ்ட்கள் தினமும் இரவில் போஸ்ட்கிரஸ், ஆரக்கிள் இரண்டிலும் ஓடுகின்றன.

மறுமொழி

எனக்கு மைஎஸ்கியூஎல்லிலிருந்து போஸ்ட்கிரஸுக்கு மாறியபோது இதே மாதிரி ஓர் அடி. இன்சர்ட் செய்து பார்ப்போம், டூப்ளிகேட் கீ எரர் வந்தால் அதைப் பிடித்து அப்டேட் செய்வோம். ஒன்றாகவே நிறைவேறும் அல்லது ரத்தாகும் கட்டளைத் தொகுப்புதான் டிரான்ஸாக்‌ஷன். மைஎஸ்கியூஎல்லில் அதே டிரான்ஸாக்‌ஷனில் தொடரலாம். போஸ்ட்கிரஸில் முதல் எரரோடு டிரான்ஸாக்‌ஷன் முழுவதும் முறிந்துவிடும், ரோல்பேக் செய்யும்வரை (செய்ததை ரத்து செய்யும்வரை) அடுத்த கட்டளை எதையும் ஏற்காது. லாகில் தெரிந்தது அப்டேட்டின் எரர்தான், அதனால் தவறான வரியையே நோண்டிக்கொண்டிருந்தோம்.

போஸ்ட்கிரஸ் 9.5 முதல், டூப்ளிகேட் வந்தால் அப்டேட் செய்யச் சொல்லும் 'ஆன் கான்ஃபிளிக்ட்' இருக்கிறது. ஆனால் மைஎஸ்கியூஎல்லில் அதற்கு வேறு வாக்கியம். இரண்டு வடிவம் வைத்துக்கொள்ள மனமில்லாமல், இன்சர்ட்டுக்கு முன் சேவ்பாயிண்ட் என்ற இடைக்குறி ஒன்று போட்டு, எரர் வந்தால் அதுவரை மட்டும் ரோல்பேக் செய்கிறோம். அந்த எழுத்துமுறை ஆரக்கிளிலும் அப்படியே ஓடும். எஸ்கியூஎல் சர்வரில் மட்டும் 'சேவ் டிரான்ஸாக்‌ஷன்' என்று மாற்ற வேண்டியிருந்தது.