ராத்திரி 2 மணிக்குக் குரைக்கும் நாய்: கட்டிப்போடுவதா, அவிழ்த்துவிடுவதா?

முகப்புத்திண்ணை:
காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், வீட்டுக்காரர்கள் மலேசியாவில். காவலுக்கு ஒன்றரை வயது ராஜபாளையம் கலப்பு ஒன்று, பின்கட்டில் கட்டிக் கிடக்கிறது. ஒரு மாதமாக ராத்திரி 2 மணிக்கு எழுந்து அரை மணி நேரம் விடாமல் குரைக்கிறது. போய் அதட்டினால் வாலை ஆட்டும், திரும்பி வந்து படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டு ஆச்சி நேற்று, "தம்பி, இந்தத் தெருவில் ஒன்று அது இருக்கணும், இல்லை நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். என்ன செய்யலாம்?

பள்ளத்தூரான்:
காவலுக்கு வைத்த நாய் குரைக்கிறது என்று ஒரு புகாரா? ஆளில்லாத வீட்டில் தேக்குக் கதவையும் தூணையும் கழற்றிக்கொண்டு போகிற காலம் தம்பி இது. அப்புறம், ஒவ்வொரு தடவையும் எழுந்து போகிறீர்களே, குரைத்தால் ஆள் வரும் என்று பாடம் எடுத்ததே நீங்கள்தான். பத்து நாள் கண்டுகொள்ளாமல் படுங்கள், தானாக நிற்கும்.

வளவுக்காரி:
பத்து நாள் தூங்காமல் கிடக்க அந்த ஆச்சிக்கு என்ன தலையெழுத்து? கண்டுகொள்ளாமல் இருப்பதெல்லாம் சும்மா கொஞ்சலுக்குக் கூப்பிடுகிற நாய்க்குச் சரி. இதற்கு மூத்திரம் முட்டுகிறதோ, வயிறு சரியில்லையோ, யார் கண்டது? படுக்கிற இடத்தை அசிங்கம் செய்ய நாய் தயங்கும், சங்கிலியில் இருந்தால் வேறு எங்கே போகும்? தம்பி, பகலிலும் கட்டித்தான் வைக்கிறீர்களா? ராத்திரி என்ன சாப்பாடு?

முகப்புத்திண்ணை:
பகலிலும் சங்கிலிதான் அக்கா, வீட்டைச் சுற்றிப் பார்க்க ஆட்கள் வருவார்கள். 10 மணிக்குச் சோறும் மிச்சக் குழம்பும் போடுவேன்.

வளவுக்காரி:
பகல் முழுக்கத் தூங்கிய நாய் ராத்திரி என்ன செய்யும், பாவம்? எப்போதும் கட்டியே வைக்கிற நாயை நடமாட விடாமல் இருப்பது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி குற்றம். குழம்பையும் நிறுத்துங்கள். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், நம் ஊரில் சின்ன வெங்காயம் போடாத குழம்பு ஏது? உப்பும் உறைப்பும் தின்றுவிட்டுத் தொட்டித் தண்ணீரைக் குடித்தால் 2 மணிக்கு எழுந்துதான் தீரும்.

வெற்றிலைப்பெட்டி:
இவ்வளவு பேச்சு எதற்கு? சளி மாத்திரையில் பாதியைச் சோற்றில் பிசைந்து போடுங்கள், விடியும்வரை எழாது.

வளவுக்காரி:
தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். மனுஷர் சாப்பிடுகிற சில மாத்திரைகள் நாய்க்கு விஷம். மருந்து தேவையா, எவ்வளவு என்று கால்நடை டாக்டர்தான் சொல்லணும்.

பள்ளத்தூரான்:
மாத்திரை விஷயத்தில் நானும் அக்கா பக்கம்தான். ஆனால் அவிழ்த்து உள்ளே விட்டால் காவல் என்னாவது? நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நாய் நடுமுற்றத்து வளவில் ஆத்தங்குடித் தரைக்கல்லில் குளிர்ச்சியாகப் படுத்துக் கிடக்கும், பின்னால் எவன் வந்தாலும் தெரியாது. இன்னொன்று, வீணாகக் குரைக்கிறது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? நமக்கு விநாடிக்கு 20,000 அதிர்வு (ஹெர்ட்ஸ்) வரைதான் கேட்கும், நாய்க்கு 45,000 வரை. ஓட்டுக்கடியில் வௌவால் போடுகிற சத்தம் உங்களுக்குக் கேட்குமா? வெள்ளை ராஜபாளையத்தில் பல நாய்க்குக் காதே கேட்காது, உங்களுடையதற்குக் கேட்கிறதே என்று சந்தோஷப்படுங்கள்.

முகப்புத்திண்ணை:
ஒரு வாரம் கழித்து வருகிறேன். பள்ளத்தூர் அண்ணன் சொன்னதைக் கேட்டு டார்ச்சோடு பின்கட்டில் உட்கார்ந்தேன். 2 மணிக்குக் கொல்லை மாமரத்திலிருந்து மரநாய் ஒன்று ஓட்டின்மேல் குதித்து நடந்து போனது! நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு அதைப் பார்த்துத்தான் கத்துகிறது. ஓட்டைத் தொடுகிற கிளைகளை வெட்டினேன். அக்கா சொன்னபடி சாப்பாடு 7 மணிக்கு, குழம்பு இல்லாமல். சாயங்காலம் ஊருணியை இரண்டு சுற்று, 10 மணிக்கு ஒரு தடவை வெளியே. அப்புறம் சங்கிலி இல்லாமல் வீட்டுக்குள் இரண்டாவது முற்றமான இரண்டாங்கட்டில் விட்டுக் கதவைச் சாத்துகிறேன். ஐந்து ராத்திரியில் இரண்டு தடவை குரைத்தது, அதுவும் சில நிமிஷம்தான்.

பள்ளத்தூரான்:
கதவைச் சாத்திய பிறகு திருடன் வந்தால் குரைக்குமா?

முகப்புத்திண்ணை:
5 மணிக்குப் பால்காரர் பின்வாசலைத் தொட்டாலே வீடு அதிர்கிறது அண்ணே. ஆச்சி அந்த நேரத்துக்கு எழுந்து கோலம் போட வந்துவிடுவார், அதனால் அதற்குச் சண்டை இல்லை.