பள்ளிக்கும் கேமுக்கும் ஒரே லேப்டாப்: எதை எடுக்கலாம்?

தம்பிக்கு லேப்டாப் வாங்க வேண்டும். பகலில் குறிப்பெடுக்கவும் பைத்தான் புரோகிராம் எழுதவும். வீட்டுக்கு வந்ததும் வாலரன்ட், மைன்கிராஃப்ட், விட்டால் சைபர்பங்க். இரண்டு தனித்தனியாக வாங்க வழியில்லை.

கடைசியில் இரண்டு மாடலில் வந்து நிற்கிறோம். ஒன்றில் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி விரேம் (கார்டுக்கென்றே இருக்கும் மெமரி). எடை 2.5 கிலோ, சார்ஜர் ஒரு செங்கல் மாதிரி தனியாக. மற்றது 4050, 6 ஜிபி விரேம், 1.8 கிலோ, வகுப்பு வேலைக்கு டைப்-சி சார்ஜரே போதும். ரேம் இரண்டிலும் 16 ஜிபி.

என்னைக் குழப்புவது வாட் கணக்குதான். 4060 என்று ஒரே பெயர் போட்டிருந்தாலும், கார்டுக்குப் போகும் மின்சாரம் மாடலைப் பொறுத்து 35 முதல் 115 வாட் வரை மாறுகிறது. வாட் குறைந்த 4060-ஐ, முழு வாட்டில் ஓடும் 4050 முந்திவிடலாம். இதை விளம்பரத்தில் யாரும் பெரிதாகப் போடுவதில்லை. நான் பார்த்த கனமான மாடலில் 115, மெல்லியதில் 60.

இந்த வகை லேப்டாப்பைத் தினமும் சுமப்பவர்கள் சொல்லுங்கள்: கிராஃபிக்ஸ் கார்டை அணைத்துவிட்டால் பள்ளி நேரம் முழுக்க பேட்டரி தாங்குகிறதா? அமைதியான வகுப்பில் ஃபேன் சத்தம் கேட்குமா? அப்புறம், 6 ஜிபி விரேம் மூன்று வருடத்துக்குப் போதுமா? மெல்லிய மாடலில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது, பிறகு கூட்ட முடியாது, அதுதான் உறுத்துகிறது.

கலர் விளக்கு எரிகிற கீபோர்டு அவனுக்கு முக்கியம், எனக்கு இல்லை. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.