கார்ல் ஃபிஷர் கருவியில் அசிட்டோன் போட்டால் ரீடிங் நிற்கவே மாட்டேங்குது, உதவி தேவை

பெருந்துறைக்காரர்:
வணக்கமுங்க. பெருந்துறை சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் வேலை. கரைப்பான்களில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்க கூலோமெட்ரிக் கார்ல் ஃபிஷர் கருவி வைத்திருக்கிறோம். அசிட்டோநைட்ரைலில் ஒரே பாட்டிலிலிருந்து 1 மில்லி எடுத்துப் போட்டாலும் ஒரு தடவை 45 பிபிஎம் (பத்து லட்சத்தில் 45 பங்கு), அடுத்த தடவை 110 என்று குதிக்கிறது. அசிட்டோன் இன்னும் மோசம். எண் ஏறிக்கொண்டே போகிறது, முடிவுப்புள்ளி வருவதே இல்லை. அதன்பிறகு ட்ரிஃப்டும் (மாதிரி போடாதபோதே கருவி காட்டும் பின்னணி ஈரம்) இறங்குவதில்லை. சும்மா இருக்கும்போதே ட்ரிஃப்ட் நிமிஷத்துக்கு 30 மைக்ரோகிராம். ஆடிக் காற்று தொடங்கியதிலிருந்து இன்னும் கூடுகிறது. செல்லில், அதாவது அளவீட்டுக் கலத்தில், ஊற்றும் ரீஏஜென்ட் புதுசுதான், வழக்கமான மெத்தனால் வகை. சர்வீஸுக்கு வந்தவர் ஜெனரேட்டர் மின்முனையை (அயோடினை உண்டாக்கும் பாகம்) மாற்றச் சொல்கிறார். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

நொய்யல்:
காசு போடாதீங்க, கொஞ்சம் பொறுங்க. மின்முனை நல்லா இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம். 0.1 சதவீத நீர் ஸ்டாண்டர்ட் ஆம்பூல் ஒன்றை உடைத்து, சிரிஞ்சை முன்னும் பின்னும் எடை போட்டு 1 கிராம் செலுத்துங்க. 1000 மைக்ரோகிராமுக்கு மூன்று சதவீதத்துக்குள் வந்தால் மின்முனை மேல் குற்றமில்லை.

உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் வேறு வேறு. அசிட்டோநைட்ரைல் கணக்கைப் பாருங்க. 1 மில்லி என்பது சுமார் 0.79 கிராம். 50 பிபிஎம் என்றால் அதில் இருக்கும் தண்ணீர் வெறும் 39 மைக்ரோகிராம். அளவீடு இரண்டு நிமிஷம் ஓடினால் ட்ரிஃப்ட் மட்டும் 60 சேர்த்துவிடுகிறது. கருவி அதைக் கழிக்கத்தான் செய்யும், ஆனால் ட்ரிஃப்ட் நிலையாக இருந்தால்தான் அந்தக் கழித்தல் செல்லும். 5 மில்லி போடுங்க, தண்ணீர் 200 மைக்ரோகிராமை ஒட்டி வரும்.

ஆடிக் காற்றைச் சொன்னீர்கள், அது சரியான துப்பு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில் ஈரம் அதிகம். 30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில் 1 மில்லி காற்றுக்குள்ளேயே ஏறக்குறைய 24 மைக்ரோகிராம் தண்ணீர் இருக்கும். சிரிஞ்சில் ஒரு குமிழி நின்றால்கூட ரீடிங் கெட்டுப்போகும். செப்டத்தை (ஊசி குத்தும் ரப்பர் மூடி) கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. நடுவில் சல்லடைபோல் ஓட்டைகள் தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்க. உலர்த்துக்குழாயில் 3 ஆங்ஸ்ட்ராம் மாலிக்யூலர் சீவ் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) போடுங்க. அதை 300 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கிய பிறகுதான் போட வேண்டும். கேத்தோலைட் (கேத்தோடு அறைத் திரவம்) மட்டம் ஆனோலைட் (மாதிரி போடும் ஆனோடு அறைத் திரவம்) மட்டத்தைவிடச் சில மில்லிமீட்டர் கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் அங்கிருக்கும் ஈரம் இந்தப் பக்கம் வந்துகொண்டே இருக்கும்.

கோவை மின்வேதி:
அசிட்டோன் விஷயத்தை நான் சொல்கிறேன். கருவி தண்ணீரை நேராகப் பார்ப்பதில்லை. ஆனோடில் அயோடைடிலிருந்து அயோடின் உண்டாகிறது, சல்ஃபர் டைஆக்சைடோடு நடக்கும் வினையில் ஒரு தண்ணீர் மூலக்கூறுக்கு ஓர் அயோடின் மூலக்கூறு செலவாகிறது. கருவி எண்ணுவது அதற்கான மின்னூட்டத்தை: 1 மில்லிகிராம் தண்ணீருக்குச் சுமார் 10.7 கூலும். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியாது.

உங்கள் ரீஏஜென்டில் இருக்கும் மெத்தனாலோடு அசிட்டோன் சேர்ந்து கீட்டால் என்ற சேர்மம் ஆகும்போது புதிதாகத் தண்ணீர் பிறக்கிறது. அதனால்தான் எண் நிற்பதில்லை. செல்லுக்குள் அசிட்டோன் மிச்சம் இருக்கும்வரை ட்ரிஃப்டும் இறங்காது. இதற்கென்றே கீட்டோன் ரீஏஜென்ட், அதாவது மெத்தனால் இல்லாத வகை, கடையில் கிடைக்கிறது. ஆனோலைட், கேத்தோலைட் இரண்டையுமே மாற்ற வேண்டும்.

பெருந்துறைக்காரர்:
ரொம்ப நன்றிங்க. ஸ்டாண்டர்ட் 985 காட்டியது, மின்முனை பிழைத்தது. செப்டம் நீங்கள் சொன்ன மாதிரியே ஓட்டை. புதுசு போட்டு, சீவும் மாற்றியதில் ட்ரிஃப்ட் 7க்கு வந்துவிட்டது. 5 மில்லி அசிட்டோநைட்ரைலில் ரீடிங் 48, 50, 47 என்று கட்டுக்குள் நிற்கிறது. கீட்டோன் ரீஏஜென்ட் ஆர்டர் போட்டாச்சு. பழையதைக் கொட்டிவிட்டு அப்படியே இதை ஊற்றலாமா? எம்இகே (மெத்தில் எத்தில் கீட்டோன்), சைக்ளோஹெக்சனோன் இரண்டையும் இதிலேயே பார்க்கலாமா?

கோவை மின்வேதி:
அப்படியே ஊற்றாதீங்க. கழுவாத செல்லிலும், முக்கியமாக மின்முனையின் டயஃப்ரம் (இரு திரவங்களையும் பிரிக்கும் நுண்துளைத் தடுப்பு) துளைகளிலும், மெத்தனால் தங்கியிருக்கும். மெத்தனாலால் டயஃப்ரத்தின் பழுப்புக் கறையைக் கழுவி, 50 டிகிரி அடுப்பில் முழுசாகக் காயவிட்டு, அப்புறம் புது ரீஏஜென்டை ஊற்றுங்க. எம்இகே, சைக்ளோஹெக்சனோன் இரண்டும் கீட்டோன்தான், தாராளமாகப் பார்க்கலாம். சைக்ளோஹெக்சனோன் அசிட்டோனைவிடச் சுறுசுறுப்பாக வினைபுரியும், அதை மெத்தனால் வகையில் தொடவே வேண்டாம். இந்த ரீஏஜென்டில் அளவீடு கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், பதற வேண்டாம். கழிவு ரீஏஜென்டைச் சிங்க்கில் விடாமல் மூடியுள்ள கேனில் சேர்த்து வையுங்க.