ஈஸ்ட் பாட்டில் கல் மாதிரி ஆகிவிட்டது, நியான் இரண்டு செத்துப்போச்சு

வைகைக்கரை:
மதுரையில் இருந்து எழுதுகிறேன். 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி மீன் தொட்டி, மண் போக 45 லிட்டர் தண்ணீர் இருக்கும். செடியில் ரொட்டாலா, ஹேர்கிராஸ், மீனில் 12 நியான், 4 கோரி. செடி நின்ற இடத்திலேயே நிற்கிறதே, கார்பன் டை ஆக்சைடு கேஸ் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு வீடியோவைப் பார்த்து, 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் 200 கிராம் சர்க்கரை, அரை ஸ்பூன் ஈஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டு டியூபைச் சொருகி எம்சீல் வைத்து அடைத்து, மறுநுனியைத் தொட்டிக்குள் விட்டேன். இரண்டு நாள் அருமை, ரொட்டாலா இலையெல்லாம் முத்து முத்தாகக் குமிழ். மூன்றாம் நாள் விடியற்காலை 5.30க்குப் பார்த்தால் நியான் மொத்தமும் மேலே வந்து வாயைப் பிளக்கிறது, இரண்டு செத்துக் கிடந்தது. அன்றிலிருந்து ராத்திரி டியூபைக் கிளிப் போட்டு அடைத்துவிடுகிறேன். இன்று காலையில் பாட்டிலை அழுத்தினால் விரல் உள்ளேயே போகவில்லை. இது சரிதானா? இல்லை சிட்ரிக் ஆசிட்டையும் சமையல் சோடாவையும் சேர்த்துக் கேஸ் எடுக்கிற செட்டுக்கு மாறலாமா? பழைய இரும்புக்கடையில் ஒரு தீயணைப்பு சிலிண்டர் 800 ரூபாய்க்குக் கிடக்கிறது, அதில் கேஸ் அடைத்துக்கொள்ளலாம் என்கிறான் நண்பன்.

கண்ணாடிக்குளம்:
தம்பி, முதலில் அந்தக் கிளிப்பை எடுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். மூடியைத் திருகாதீர்கள், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பாட்டில் மேல் தடித்த துண்டு ஒன்றைச் சுற்றி, டியூப் நுனியைத் தொட்டியிலிருந்து எடுத்து ஒரு பக்கெட்டில் விட்டு, கிளிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தொட்டிக்குள்ளேயே திறந்தால் நுரையும் ஈஸ்ட் கழிவும் பீய்ச்சிக்கொண்டு உள்ளே போகும். அப்புறம் தண்ணீர் பால் மாதிரி ஆகி, இருக்கிற ஆக்சிஜனையும் பாக்டீரியா தின்றுவிடும்.

ஈஸ்டுக்கு சுவிட்ச் கிடையாது. நீங்கள் அடைத்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். மதுரை வெயிலுக்கு இன்னும் வேகமாகச் செய்யும். ராத்திரி விளக்கை அணைத்ததும் செடியும் ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடைத்தான் விடும், அதோடு பாட்டிலும் விட்டுக்கொண்டே இருந்தால் உச்சம் விடியும் முன்தான் வரும். உங்கள் நியான் 5.30க்கு மேலே வந்தது அதனால்தான். ராத்திரி டியூபை அடைக்காமல் தொட்டிக்கு வெளியே எடுத்துப் போடுங்கள், ஏர் மோட்டாரை ஓட விடுங்கள். இப்போதைக்கு மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

பழையமீன்காரர்:
ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். நான் மூன்று வருஷமாக ஈஸ்ட் பாட்டில்தான் வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. பாட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு சின்ன பாட்டில் வைத்தால் கழிவு அதிலேயே தங்கிவிடும். தண்ணீரில் கேஸ் எவ்வளவு என்று நிறத்தில் காட்டும் டிராப் செக்கர் ஒன்று வாங்கிப் போட்டால் போதும், பச்சையாக இருந்தால் சுமார் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு), மஞ்சளானால் அதிகம்.

கண்ணாடிக்குளம்:
அண்ணே, நடு பாட்டில் சரி. ஆனால் டிராப் செக்கர் நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், அது மஞ்சளாவதற்குள் மீன் சொல்லிவிடும். கேஹெச் (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை), பிஹெச் (அமிலத்தன்மை) இரண்டும் பார்க்கிற கிட் இருந்தால் கணக்கே போடலாம்: கேஹெச் 4, பிஹெச் 6.6 என்றால் 30 பிபிஎம். அதே கேஹெச்சில் பிஹெச் 6.3க்கு இறங்கினால் 60. உங்களுக்கு மூன்று வருஷம் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் நீங்கள் ஒருநாளும் டியூபை அடைக்காததுதான்.

நத்தைக்காரி:
சிட்ரிக் செட் பற்றிக் கேட்டீர்களே அண்ணா, என் கதையைக் கேளுங்கள். ஒரு பாட்டிலில் 200 கிராம் சிட்ரிக், இன்னொன்றில் 200 கிராம் சமையல் சோடா. ஒழுங்காக இருந்தால் ஆசிட் சொட்டுச் சொட்டாகத்தான் சோடாவுக்குப் போகும். ஆன்லைனில் மலிவாக வாங்கியது, அழுத்தம் காட்டும் மீட்டரும் இல்லை, சேஃப்டி வால்வும் இல்லை. வீடு துடைக்கும்போது மாப் இடித்து ஆசிட் பாட்டில் சாய்ந்துவிட்டது. உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம், நான் திரும்புவதற்குள் மூடி பறந்து கூரையில் அடித்து ஃபேன் இறக்கை வளைந்துவிட்டது. குனிந்து எடுத்திருந்தால் கண் போயிருக்கும். 200 கிராம் சோடா முழுவதும் கரைந்தால் 58 லிட்டர் கேஸ் வரும், அது ஒரே நிமிஷத்தில் 2 லிட்டர் பாட்டிலுக்குள் வந்தால் எங்கே போகும்? ஆசை விடாவிட்டால் மீட்டரும் சேஃப்டி வால்வும் இருக்கிற செட்டை வாங்கி, பாட்டில்களைச் சாயாதபடி ஒரு பக்கெட்டில் நிறுத்துங்கள். கண்ணாடி பாட்டில் மட்டும் கூடவே கூடாது. தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வையும் மறக்க வேண்டாம், கேஸ் தீர்ந்ததும் தொட்டித் தண்ணீர் பாட்டிலுக்கு இறங்கி வீடெல்லாம் ஓடும். பிளாஸ்டிக் வால்வு ஒரு வருஷத்தில் தளர்ந்துவிடுகிறது.

வெல்டிங்பட்டறை:
சிலிண்டர் விஷயத்துக்கு நான் வருகிறேன், இது என் தொழில். தயவுசெய்து வாங்காதீர்கள். பழைய கடைகளில் கிடப்பது பெரும்பாலும் தீயணைக்கும் தூள் அடைத்த ஏபிசி பவுடர் வகை, அது 15 பார் அழுத்தத்துக்காகச் செய்தது. கார்பன் டை ஆக்சைடு 20 டிகிரியிலேயே 57 பார், 30 டிகிரியில் 72. 31 டிகிரி தாண்டினால் சிலிண்டருக்குள் திரவம் என்ற ஒன்றே இருக்காது, அளவுக்கு மேல் அடைத்திருந்தால் அழுத்தம் மடமடவென்று ஏறும். மே மாதம் பால்கனியில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். பெசோ (மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அங்கீகாரமும் டெஸ்ட் தேதி முத்திரையும் இருக்கிற சிலிண்டர், ஒழுங்கான ரெகுலேட்டர், இது இரண்டும் இல்லாமல் நான் அடைத்துத் தர மாட்டேன்.

இன்னொன்று. பாட்டில் கேஸ் மொத்தமும் கசிந்தாலும் ஆளுக்கு ஒன்றும் ஆகாது, அதில் ஆபத்து வெடிப்புதான். 2 கிலோ சிலிண்டர் அப்படியில்லை. 10க்கு 10 ஏசி ரூமில் முழுவதும் கசிந்தால் காற்றில் 4 சதவீதம் வரை போகும், அது உயிருக்கே ஆபத்தான அளவு. படுக்கிற அறையில் வேண்டாம்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. கிளிப்பைத் தளர்த்தியதும் பக்கெட் முழுக்க நுரை, வீடெல்லாம் கள் வாசனை, அம்மா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. மீதி 10 நியானும் கீழே இறங்கி நீந்துகின்றன. சாயங்காலம் இரும்புக்கடையில் போய்ப் பார்த்தேன், சிலிண்டரில் ஏபிசி என்றுதான் எழுதியிருக்கிறது. பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டேன், விளக்கையும் 6 மணி நேரமாகக் குறைத்தாயிற்று. கேஸ் இல்லாமல் ஹேர்கிராஸ் நிற்குமா, இல்லை எடுத்துவிட்டு கேஸ் இல்லாமலே வளரும் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகளை வைக்கட்டுமா?

நத்தைக்காரி:
எடுக்காதீர்கள் அண்ணா, மெதுவாக வளரும். ரொட்டாலா மட்டும் சிவப்பாகாது.